நிறுத்தம்: சரி

அனுமதிச் சீட்டில் இரண்டிலிருந்து நான்கு மணிவரை.
தை செங், ஏழாவது மாடி,
பத்தொன்பது டிகிரிக் குளிர்,
யாரோ விட்டுப்போன ஆண்கள் ஜாக்கெட்டுக்குள் நான்.

பாண்டான் லூப்பில் ஒரு நிறுவனம்
நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு
வெங்காயமும் கயிறும் விற்கிறது.
கடலில் இருக்கும் சமையற்காரர்கள்
இந்தப் பெட்டியைத் தட்டித்தான்
அரிசி கேட்கிறார்கள்.
ஒரு வாரமாய்த் தட்டினால்
நாற்பது விநாடி கழித்துத்தான் பதில்.
நினைவகம் ஊதிப்போய்க் கிடக்கிறது.

பெட்டிக்கு வயது பதினைந்து.
இதன் லினக்ஸைச் செய்தவர்களே
இதைக் கைகழுவியாயிற்று.
மாற்றுவதாக
ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுதுவார்கள்,
ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அடிப்பார்கள்.

எத்தனை நாளாய் விழித்திருக்கிறாய் என்று கேட்டேன்.
2511 என்றது.
பெருமையா புகாரா தெரியவில்லை.

நான் வந்தது பெட்டியைத் தூங்கவைக்க அல்ல.
அதற்குள் கதவு திறக்கும் அந்த ஒரு மென்பொருளை
நிறுத்தி, மறுபடி தொடங்க.
மூன்று சொல் கட்டளை.
அடித்தேன்.

நிறுத்துகிறது: சரி.
தொடங்குகிறது:

அந்த இரண்டு புள்ளிகளுக்கு அப்புறம்
விசிறிச் சத்தம் மட்டும்.

தோல்வி.

கப்பல்களே, கொஞ்சம் பொறுங்கள்.

இருநூற்றுப் பதினான்காம் வரி.
யாரோ ஒரு பகுதியைத் திறந்திருக்கிறார்,
நாலு வரி எழுதியிருக்கிறார்,
மூடாமல் எழுந்துபோயிருக்கிறார்.
மேலே பெயர்: லோ கிம் ஹோக்.
ஆறு வருடம் முன்னால், ஒரு வெள்ளி,
மாலை 5:52.

ஆறு வருடமாக இது
கோப்பில் இருப்பதைப் பார்க்காமல்
நினைவில் இருந்ததை வைத்தே ஓடியிருக்கிறது.
ஞாயிறுதோறும் விடியற்காலை நாலு மணிக்கு
பதிவேட்டைப் புரட்டும் வேலை வந்து
கோப்பை மறுபடி படி என்று சொல்லும்;
இது ஒரு கண் பார்த்து, பிழை, மாட்டேன் என்று சொல்லும்.
சொல்லித்தான் இருக்கிறது, முந்நூறு ஞாயிறுகள்.
அந்தக் குரல் எவர் காதிலும் விழாமல்
நேரே குப்பைக்குப் போக
வழி செய்தவர் யாரோ. பெயர் இல்லை.

கிம் ஹோக் இப்போது டாக்சி ஓட்டுகிறார் என்று
ஹைருல்தான் எண் கொடுத்தான்.
2:31. விழித்திருந்தார்,
சாங்கியில் மூன்றாம் முனைய வரிசையில்.
விஷயம் சொன்னேன்.
'முடிச்சிட்டேனே லா' என்றார்.
வரியைப் படித்துக் காட்டினேன்.
இண்டிகேட்டர் டிக் டிக் என்று
கொஞ்ச நேரம் கேட்டது.
'எதுக்குத் திறந்தீங்க?'
'ஞாபகமில்ல.'
பிறகு, யாரோ கதவைச் சாத்தும் சத்தத்தோடு,
'வெள்ளிக்கிழம இல்ல?'

அழிக்க மனம் வரவில்லை.
அழித்தால் என்ன உடையும் என்று
அவருக்கே தெரியாதபோது எனக்கெப்படி.
நாலு வரியின் முன்னாலும்
ஆளுக்கொரு வேலிக்குறி நட்டு
இயந்திரத்தின் கண்ணிலிருந்து மட்டும் மறைத்தேன்.
அவர் பெயருக்குக் கீழே
என் பெயர், மல்லிகாவதி, தேதி, மணி.
வரியை இருமுறை சோதித்தேன்.
முதல்முறை சோதித்திருக்க வேண்டியதை.

தொடங்குகிறது: சரி.

2:48க்கு முதல் தட்டல்.
எந்தக் கப்பலோ.
இஞ்சி ஆறு கிலோ, முட்டை முப்பது தட்டு,
காரமில்லாத மிளகாய் இருந்தால் கொஞ்சம்.

பெட்டியைக் கேட்டேன்.
2511 என்றது, ஒன்றும் நடக்காதது போல.

படிவம் நிரப்ப வேண்டும்.
தடை: பதினேழு நிமிடம்.
பாதிப்பு: சிறிது.
மூலகாரணம் என்ற கட்டத்தில்
வெள்ளிக்கிழமை என்று அடித்தேன்,
அழிக்கப்போனேன்,
ஜாக்கெட்டின் கை நீளம்,
விசை தவறி
சமர்ப்பி ஆகிவிட்டது.